கழுத்தில் ஒரு மடை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று முதலில் சொன்னவர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் குடையோடு நின்றவராகத்தான் இருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிய மறு நிமிஷமே என் குடை கையை விட்டுப் போய்விட்டது. மேல்காற்று அதை எல்லைக் கம்பத்தைத் தாண்டி, வந்த வழியே சென்னை இராஜ்யத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டது. நான் திருவிதாங்கூர் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். குடைக்குச் சோதனை கிடையாது, எனக்கு உண்டு.

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் எல்லா பஸ்ஸையும் நிறுத்தி, யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். என் டிரங்குப் பெட்டியைக் குடைந்த அதிகாரி, சேலைகளுக்கு அடியில் இருந்த சிறிய தகர டப்பாவைத் திறந்தார். பஞ்சுக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு எஃகுக் கவ்வியும், அதைத் திருக ஒரு நீளச் சாவியும் இருந்தன. இது என்ன என்று கேட்டார். மனிதர்களின் கழுத்தில் ஓடும் இரத்தக்குழாயை இறுக்குகிற கருவி என்று உள்ளதைச் சொன்னேன். அவர் ஓர் அடி பின்னால் போனார். நான் நர்ஸ் என்று சொல்லி ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டியும் அவர் முகம் தெளியவில்லை. அரிசியாக இருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் டப்பாவை மூடி, தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போகச் சொன்னார்.

அந்தக் கவ்வியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் நான் வரவேண்டியிருந்ததற்குக் காரணம் என் வாய்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளை ஆப்பரேஷன் செய்கிற வார்டில் நான் வேலை பார்த்தேன். அங்கே சிவதாணு என்று ஒருவர் படுத்திருந்தார். ஐம்பது வயது. தோவாளைப் பக்கத்து ஊர். மராமத்து இலாகாவில் சானல் லஸ்கர், அதாவது வயல்களுக்குப் பாயும் கால்வாயில் மடை திறந்து அடைக்கிறவர். ஒருநாள் கரையில் நின்றுகொண்டிருந்தவர் தலையில் இடி விழுந்ததுபோல் வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்துவிட்டார். பிழைத்து எழுந்தபோது வலது கண் இமை கீழே இறங்கிவிட்டிருந்தது. அவர் ஊர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் எங்களிடம் அனுப்பினார். கழுத்தில் ஊசி போட்டு மருந்தேற்றி எக்ஸ்ரே எடுத்ததில், கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடியில், இரத்தக்குழாய்ச் சுவர் சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்திருப்பது தெரிந்தது. ஒருமுறை கசிந்த புடைப்பு அது. மறுமுறை வெடித்தால் ஆள் எழுந்திருப்பது அரிது.

அதை அடக்க இரண்டு வழி உண்டு. மண்டையோட்டைத் திறந்து, மூளையின் முன்பாகத்தை மெல்லத் தூக்கி, அடியில் நுழைந்து, புடைப்பின் காம்பில் வெள்ளிக் கவ்வி போடுவது நேர்வழி. சிவதாணுவின் புடைப்புக்குக் காம்பே இல்லை. எலும்பை ஒட்டி ஒளிந்துகொண்டிருந்தது. பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தாலும் கவ்வி வைக்க இடமில்லை, போகிற வழியிலேயே வெடிக்கலாம் என்றார் எங்கள் டாக்டர். மிச்சமிருந்தது சுற்றுவழி. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயைக் கழுத்திலேயே அடைத்துவிட்டால், மேலே புடைப்பில் வேகம் குறையும். நாளடைவில் அது உறைந்து அடங்கும். மூளைக்கு வேண்டிய இரத்தம் மறுபக்கத்திலிருந்து சுற்றி வந்து சேரும்.

சேருமா என்று பார்க்க, அவர் கழுத்தைப் பெருவிரலால் நான்தான் அழுத்திப் பிடித்தேன். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார். பத்தாவது நிமிஷம் இடது கை மரத்துப்போகிறது என்றார். ஆகவே பட்டு நூலால் ஒரேயடியாகக் கட்டக் கூடாது, திருகுகிற கவ்வியைப் போட்டு நாளுக்குக் கொஞ்சமாக இறுக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த படத்தைக் கொடுத்து, பட்டணத்துக் கொல்லர் ஒருவரிடம் அதைச் செய்யவும் சொல்லியிருந்தார். இதையெல்லாம் ரவுண்ட்ஸில் சொன்னபோது நான் பக்கத்துக் கட்டிலில் எதையோ செய்துகொண்டிருந்தேன். காதில் வாங்கவில்லை.

அன்று மாலை ஊசி போடப் போனேன். எப்படி அடைப்பீர்கள் என்று சிவதாணு கேட்டார். இதுவரை பார்த்த நோயாளிகளுக்கெல்லாம் நூல்தான் கட்டினோம். "ஒரே கட்டுதான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். காலையில் அவர் கட்டில் காலியாக இருந்தது. அவரும் மனைவியும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. கொல்லர் முதலில் செய்து தந்து, திருகு சரியில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த கவ்வியை, சிவதாணுவுக்குக் காட்டுவதற்காக என் கையில் கொடுத்தார். நீங்கள் சொன்னதை நீங்களே போய்த் திருத்திவிட்டு வாருங்கள் என்றார்.

சவுக்கையைத் தாண்டிய பஸ் தோவாளை வரைக்கும் ஒழுங்காக ஓடியது. அங்கே டயர் பஞ்சர். கூரைமேல் பூ மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. இடம் போதாமல் கால் வைக்கிற இடத்திலும் இரண்டு மூட்டை பிச்சிப்பூவைத் திணித்தார்கள். மெட்ராஸில் முழம் பூ வாங்கவே யோசிக்கிற நான் ஒன்றரை மணி நேரம் பூவின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும், எனக்குத் தலைவலி வந்துவிட்டது. எதிரே இருந்த பூக்காரர் மட்டும் வாடும் முன்னால் நாகர்கோவில் போய்ச் சேர வேண்டுமே என்று டிரைவரையும் டயரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அதே அவசரம் இருந்தது. சிவதாணு ஊருக்கு ஓடிவந்து பத்து நாள் ஆகியிருந்தது. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது.

நாகர்கோவிலில் என்னோடு நர்ஸ் படிப்புப் படித்த கிரேஸின் வீட்டில் தங்கினேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தாள். கிழங்கைச் சோற்றின் இடத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுவது எனக்குப் புதிது. குழம்பில் தேங்காய் எண்ணெய் மணம் தூக்கலாக இருந்தது. முதல் கவளத்துக்கு முகம் சுளித்தேன், மூன்றாவது கவளத்தில் சுளிப்பதை மறந்தேன். உன் ஆளைப் பற்றி விசாரித்துவிட்டேன், உயிரோடு இருக்கிறார் என்று கிரேஸ் சொன்ன பிறகு இன்னும் ஒரு துண்டு கிழங்கு கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையில் புட்டும் பயறும் பப்படமும் மட்டிப்பழமும் வந்தன. இட்லி இல்லாத காலை ஒரு காலையா என்று வாயில் வந்ததை, போன தடவை பட்டது போதும் என்று அடக்கிக்கொண்டேன். பஸ் ஏறி, இறங்கி, வயல் நடுவே அரை மைல் நடந்தால் சிவதாணுவின் ஊர். வீட்டில் அவர் இல்லை. மனைவி பகவதியம்மாள் இருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த அதே அம்மாள், சொந்த வாசலில் வேறு ஆளாக நின்றார்.

"ஒரே கெட்டா கெட்டிருவோம்ணு சொன்ன சிஸ்டரு நீங்கதானே?"

ஆமாம் என்றேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"வந்த காலோட நிக்கப்பிடாது. கேறி இரியுங்க" என்று திண்ணையைக் காட்டினார்.

கோபம் வேறு, விருந்தாளி வேறு. கருப்பட்டிக் காப்பி வந்தது. எங்கள் ஊர்க் காப்பிக்கு இது சித்தி மகள்கூட இல்லை, ஆனால் நடந்து வந்த களைப்புக்கு இதமாக இருந்தது. குடித்து முடித்ததும், அவர் மடைப் பக்கம் இருக்கிறார், சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, நீங்களே போய்ப் பாருங்கள் என்று பகவதியம்மாள் கையைக் காட்டினார்.

சானல் கரையில் நடப்பது மவுண்ட் ரோட்டில் நடப்பதுபோல் இல்லை. இரண்டு தடவை சறுக்கினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் பேச்சு பாட்டுப்போல் ஏறி இறங்கியது. பட்டணத்துச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லு என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது மட்டும் புரிந்தது. கழற்றினேன். பிறகு சறுக்கவில்லை.

மடை என்றால் நான் ஏதோ பெரிய கதவு என்று நினைத்திருந்தேன். பெரிய சானலிலிருந்து கிளை பிரிகிற இடத்தில் இரண்டு கருங்கல் தூண்கள். இரண்டிலும் நீள வாட்டில் பள்ளம் வெட்டியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் தண்ணீர் அடைபடும். சிவதாணு கரையில் குந்தியிருந்தார். வலது இமை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து தலைத்துண்டை எடுத்தார்.

"இம்பிடு தூரம் எதுக்கு வந்திய சிஸ்டர்?"

பதில் சொல்லும் முன்னால் அவர் குனிந்து ஒரு பலகையைத் தூக்கப் போனார். பாரம் தூக்குவது, மூச்சை அடக்குவது எல்லாம் அவருக்கு விஷம். நான் போட்ட அதட்டலில் வயலில் நின்ற கொக்கு பறந்தது. அவர் பலகையை விட்டுவிட்டார். நான் பேசுவதற்கு நாலு நாளாக யோசித்து வைத்திருந்த வார்த்தைகளும் அந்தக் கொக்கோடு போய்விட்டன.

கிளை மடைக்கு முறை முடிந்தது, இன்றும் நாளையுமாக அடைக்க வேண்டும், பதிலுக்கு வந்திருக்கிற ஆளுக்கு இந்த மடையின் போக்குத் தெரியாது என்றார் அவர். ஐந்து பலகையில் ஒன்றுதான் இறங்கியிருந்தது. மிச்ச நாலையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன என்று கேட்டேன். அதுவரை தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணா போட்டா கடைவயலு காஞ்சிரும் சிஸ்டர். அடுத்த சானலு வெள்ளம் குறுக்கு ஓடை வழியா சுத்தி வந்து அங்க எத்தணும்லா. அதுக்கு நேரம் குடுக்கணும்."

வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். எத்துவது என்றால் எட்டுவது. ஒரு பலகையை இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். கடைக்கோடி வயலில் ஓர் ஆள் நின்று பார்ப்பான். தண்ணீர் சுற்றி வந்து சேர்ந்துவிட்டால் "எத்தியாச்சு" என்று கூவுவான். வழியில் நிற்கிறவர்கள் அதை ஒருவர் வாங்கி ஒருவராகக் கூவி மடைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த பலகை. "எத்தலை" என்று சத்தம் வந்தால் போட்ட பலகையை எடுத்துவிட வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பத்துக் கோட்டை விதைப்பாடு வயலுக்கே இம்பிடு பொறுமை வேணும். எனக்க மூளைக்கு மட்டும் ஒரே கெட்டா?"

எனக்கு முகம் எரிந்தது. கத்திக்குப் பயந்து ஓடிவந்தார் என்றுதான் வார்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். கிராமத்து ஆள், என்ன சொன்னாலும் விளங்காது என்று நானும் சொன்னேன். விளங்காதவள் நான். நான் கழுத்தை அழுத்தியபோது கை மரத்ததை அவர் மறக்கவில்லை. கடைவயல் காய்கிறது என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு ஒரே கட்டாகக் கட்டுவோம் என்று ஒருத்தி சொன்னால் யார்தான் படுத்திருப்பார்கள்?

கரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், டாக்டர் சொன்னது வேறு, அதைக் கேட்காமல் பேசினேன் என்றேன். டப்பாவைத் திறந்து கவ்வியை எடுத்துக் காட்டினேன். இதைக் கழுத்துக் குழாயில் மாட்டுவோம், சாவியின் தண்டு கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நாளுக்குக் கால் சுற்று, அரைச் சுற்றாக இறுக்குவோம், ஏதாவது கோளாறு தெரிந்தால் திருப்பிவிடலாம் என்றேன். சாவியை மாட்டித் திருகினேன். கவ்வியின் வாய் மூடியது. திருப்பிவிடலாம் என்று சொல்லித் திருப்பினேன், அது அசையவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். மூடிய வாய் மூடினபடியே இருந்தது.

அது ஒதுக்கி வைத்த கவ்வி, உங்களுக்குப் போடப் போவது வேறு, அது நன்றாகத் திரும்பும் என்று நான் சொன்னது என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. சிவதாணு கவ்வியையும் சாவியையும் வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, நாளைக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். நாகர்கோவிலுக்குத் திரும்பினேன். கிரேஸ் அன்று அவியல் வைத்திருந்தாள். நன்றாக இருந்ததா என்று கேட்டாள், இருந்தது என்றேன். எதைத் தின்றேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் நான் போனபோது வீட்டு முற்றத்தில் கவ்வி ஒரு சிரட்டையில் தேங்காய் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. சிவதாணு அதை எடுத்துத் துடைத்து, என் கண் முன்னால் சாவியை மாட்டித் திருகினார், திருப்பினார். வெண்ணெய்போல் போய் வந்தது. திருகின் பிசிரை அரத்தால் தேய்த்துவிட்டேன், வேலை பார்த்த கொல்லனுக்கு அவசரம்போல என்றார். அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது என்று ஒரு பழமொழியும் சொன்னார். அது கொல்லனுக்குச் சொன்னதா எனக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவர் செய்ததை எங்கள் டாக்டர் பார்த்திருக்க வேண்டும். பின்புறம் நின்ற பப்பாளி மரத்தில் ஓர் இலைக் காம்பை வெட்டி வந்தார். உள்ளே பொள்ளலாக, விரல் தடிமனில், சரியான குழாய். அதன் நடுவில் கவ்வியை மாட்டினார். பகவதியம்மாள் கிண்டிச் செம்பின் மூக்கிலிருந்து ஒரு முனையில் தண்ணீர் விட்டார். மறுமுனையில் தண்ணீர் கொட்டியது. சிவதாணு கால் சுற்றுத் திருகினார். இன்னொரு கால் சுற்று. தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. பகவதியம்மாள் கிண்டியை நிமிர்த்தாமல் என்னைப் பார்த்தார்.

"அடைக்க எல்லாருக்கும் தெரியும். தொறக்கவும் செய்யுமா இது?"

சாவியை என் கையில் கொடுத்தார் சிவதாணு. திருப்பினேன். காம்பு கொஞ்சம் நசுங்கியிருந்தது, ஆனாலும் தண்ணீர் முதலில் சொட்டாக, பிறகு ஒழுக்காக வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வார்டில் எத்தனையோ சாவுகளுக்கு அழாதவள் ஒரு பப்பாளிக் காம்புக்கு அழுதேன். பகவதியம்மாள் பார்க்காததுபோல் உள்ளே போய், மூவருக்கும் இலை போட்டார்.

சிவப்பரிசிச் சோறு, எரிசேரி, மோர். சாப்பிடும்போது எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தேன். வருகிறேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. மடையில் இன்னும் இரண்டு பலகை பாக்கியிருக்கிறது என்றார். நீங்கள் தூக்கக் கூடாது என்றேன். அப்படியானால் யார் தூக்குவது என்று கேட்டார். பதிலுக்கு வந்த ஆளை அன்று இலாகாவில் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகினேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். தெரிந்து விட்டாலும் சானல் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கிறது. தொடை வரை ஏறியது. ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தைப் பகவதியம்மாளும் பிடித்து, கரையில் உட்கார்ந்திருந்த சிவதாணு சொல்லச் சொல்ல நாலாவது பலகையை இறக்கினோம். இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். களை பறிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கால் மணி கழித்துத் தூரத்தில் ஒரு குரல் எழுந்தது. இன்னொரு குரல் அதை வாங்கியது. கிட்டே வரவரத்தான் எனக்கு விளங்கியது. எத்தலை.

நான் சிவதாணுவைப் பார்த்தேன். உண்மையிலேயே எட்டவில்லையா, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடாதா, இவ்வளவு பாடுபட்டுப் போட்டதை எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"யோசிக்கப்பிடாது சிஸ்டர். சத்தம் கேட்டா எடுக்கணும். கேள்வி பொறவு கேக்கலாம்."

எடுத்தோம். போடுவதைவிட எடுப்பது கஷ்டம், தண்ணீர் பலகையைத் தூணோடு சேர்த்து அழுத்துகிறது. அரை மணி பொறுத்து மறுபடி இறக்கினோம். மறுபடியும் எத்தலை என்று குரல் வந்தது. இந்தத் தடவை நான் யாரையும் பார்க்கவில்லை, குரல் வந்து சேரும்போதே பலகையில் கை வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை இறக்கியபோதுதான் எத்தியாச்சு என்று வந்தது. ஐந்தாவது பலகையும் விழுந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. நகமெல்லாம் பாசி. கரையேறி நின்ற என்னிடம் சிவதாணு தன் தலைத்துண்டைத் துடைத்துக்கொள்ள நீட்டினார்.

"அந்தத் திருகாணிச் சாவி உங்க கையில இருக்கும்ணா நான் வாறேன்" என்றார்.

இருக்கும் என்றேன். டாக்டரைக் கேட்காமல் இன்னொரு வாக்குக் கொடுக்கிறோம் என்பது பாதி வழி நடந்த பிறகுதான் உறைத்தது.

திரும்புகிற வழியில் சவுக்கையில் அதே அதிகாரி. டப்பாவைப் பார்த்ததும் திறக்காமலே அடையாளம் கண்டுகொண்டார். யாருக்கு என்று கேட்டார். சிவதாணு எனக்குத்தான் என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த அதிகாரி எழுந்து, பகவதியம்மாளின் மூட்டையைத் தானே பஸ்ஸில் ஏற்றிக் கொடுத்தார். என் குடையைப் பற்றி விசாரித்தேன். யாரும் பார்க்கவில்லையாம்.

டாக்டர் என் வாக்குக்கு ஒப்புக்கொண்டார். கழுத்தில் சின்னதாகக் கீறி, கொல்லர் செய்த இரண்டாவது கவ்வியை மாட்டினார். அதற்கு முன்னால் சிவதாணு அதை வாங்கி நாலு தடவை திருகித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். சாவியை ஒரு நாடாவில் கோத்துக் கட்டில் கம்பியில் கட்டினோம். காலையில் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க நான் கால் சுற்றுத் திருகுவேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடியுங்கள், விரலை மடக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கை தளர்ந்தால் உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து பார்த்து முடிவு செய்கிறேன் என்பது டாக்டரின் உத்தரவு. முதல் நாள் சரி. இரண்டாம் நாளும் சரி.

மூன்றாம் நாள் திருகி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டாக்டர் வேறு ஓர் ஆப்பரேஷனில் இருந்தார். நான் டெம்பரேச்சர் சார்ட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளம் எத்தலை சிஸ்டர்" என்றார் சிவதாணு.

சாதாரணமாகத்தான் சொன்னார். நிமிர்ந்து பார்த்தேன். இடது கை போர்வைமேல் ஈரத்துணிபோல் கிடந்தது. டாக்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் கைகழுவி வந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியும். சாவியை எடுத்து மாட்டி, அன்று திருகிய கால் சுற்றையும் அதற்கு முந்தின கால் சுற்றையும் திருப்பிவிட்டேன். அதன் பிறகுதான் ஆளை அனுப்பினேன். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆயுளில் அவ்வளவு நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்ததில்லை. முதலில் சுண்டுவிரல் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் என் விரலைப் பிடித்தார். பிடி இறுகியது.

டாக்டர் ஆப்பரேஷன் உடுப்போடு வந்தார். யாரைக் கேட்டுத் திறந்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"சத்தம் கேட்டா எடுக்கணும் டாக்டரே. கேள்வி பொறவு கேக்கலாம்."

டாக்டர் அவருடைய இடது கையை வாங்கி, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார். அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியை அவர்தான் விடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு ஆப்பரேஷனுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கட்டில் தலைமாட்டில் அவர் கைப்பட எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. கை தளர்ந்தால் முதலில் திறக்கவும், பிறகு என்னைக் கூப்பிடவும் என்று இருந்தது.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. முழுவதும் அடைபடப் பதினோரு நாள் ஆயிற்று. ஊருக்குப் புறப்பட்ட அன்று சிவதாணுவின் வலது இமை பாதிக்கு மேல் ஏறியிருந்தது, இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார். அந்தச் சீட்டைக் கிழியாமல் உரித்துத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். மடித்துப் பகவதியம்மாளிடம் கொடுத்துவிட்டு, "இது நம்ம சானலுக்க சட்டமாக்கும்" என்றார்.